பழைய போலோ, வென்ட்டோ, ரேபிட் வாங்கியாயிற்று: நம்பி விட ஒரு மெக்கானிக்கை எப்படிப் பிடிப்பது?

எட்டு வருடம் ஓடிய போலோ டீசல், அதே வயதுள்ள ஸ்விஃப்ட்டைவிட விலை குறைவாகவே கிடைக்கும். அப்படி மிச்சமான பணம் உங்களிடமே தங்குவதும், ஆறு மாதத்துக்குள் பட்டறைக்குப் போய்ச் சேருவதும் நீங்கள் யார் வாசலில் வண்டியை நிறுத்துகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. மாருதிக்கும் ஹூண்டாய்க்கும் தெருவுக்கு ஒரு கைராசிக்காரர் இருப்பார். ஃபோக்ஸ்வாகன், ஸ்கோடா வண்டிகளுக்கு அப்படியில்லை. வேலை கடினம் என்பதைவிட, அதற்கான கருவியும் உதிரிபாக எண்ணும் எண்ணெய்த் தரமும் வேறு என்பதுதான் காரணம். தெரியாதவர் கை வைத்தால் ஆயிரத்தில் முடிய வேண்டியது லட்சத்தில் போய் நிற்கும்.

இந்தக் கட்டுரை 2010 முதல் 2022 வரை இங்கே விற்ற போலோ, வென்ட்டோ, ஏமியோ, ஸ்கோடா ரேபிட் வண்டிகளைத் தமிழ்நாட்டில் செகண்ட் ஹேண்டாக வாங்கியவர்களுக்கானது. இவற்றுக்குப் பின் வந்த விர்ட்டஸ், ஸ்லாவியா வைத்திருப்பவர்களுக்குக் கம்பெனி வாரண்டி ஓடிக்கொண்டிருந்தால், அது முடியும்வரை வெளிப் பட்டறைப் பக்கம் போகாதீர்கள். பழைய கார் விற்கும் நிறுவனம் தந்த வாரண்டிக்கும் இதே கதைதான். வெளியே எஞ்சினைத் தொட்டால் வாரண்டி போய்விடும் என்று சிறிய எழுத்தில் போட்டிருக்கிறார்களா என்று முதலில் படியுங்கள்.

1. முதலில் வண்டியின் ஜாதகத்தை எடுங்கள்

மெக்கானிக்குக்குப் போன் போட்டு "போலோ டீசல்" என்று சொன்னால் அவருக்கு ஒன்றும் விளங்காது. போலோ டீசலிலேயே 1.2, 1.5, 1.6 என்று மூன்று டிடிஐ (ஃபோக்ஸ்வாகனின் டர்போ டீசல்) எஞ்சின்கள் வந்திருக்கின்றன. ஒன்றின் பாகம் இன்னொன்றுக்குப் பொருந்தும் என்று நம்ப முடியாது.

டிக்கியைத் திறந்து விரிப்பைத் தூக்கினால், ஸ்டெப்னி இருக்கும் குழிக்குள் வெள்ளைத்தாள் ஸ்டிக்கர் ஒன்று ஒட்டியிருக்கும். சர்வீஸ் புத்தகத்தின் முன்பக்கத்திலும் அதே ஸ்டிக்கர் இருக்கும். 17 எழுத்து சேசிஸ் எண், எஞ்சின் குறியீடு, கியர்பாக்ஸ் குறியீடு, பெயின்ட் குறியீடு எல்லாம் அதில் உண்டு. தெளிவாக ஒரு படம் எடுத்துப் போனில் வைத்துக்கொள்ளுங்கள். இனி எந்த மெக்கானிக்கிடமும் எந்த ஸ்பேர் கடையிலும் முதலில் காட்ட வேண்டியது இந்தப் படம்தான். ஸ்டிக்கர் கிழிந்தோ அழிந்தோ இருந்தால் வண்டி பின்னால் அடிபட்டுச் சரிசெய்யப்பட்டதா என்றும் ஒரு கண் பாருங்கள்.

ஆட்டோமேட்டிக் வாங்கியவர்கள் இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். எல்லா ஆட்டோமேட்டிக்கும் டிஎஸ்ஜி எனும் இரட்டைக் கிளட்ச் கியர்பாக்ஸ் கிடையாது. போலோ ஜிடி டிஎஸ்ஐ (டிஎஸ்ஐ என்றால் டர்போ பெட்ரோல்), வென்ட்டோ 1.2 டிஎஸ்ஐ, 1.5 டீசல் ஆட்டோமேட்டிக் ஆகியவற்றில் இருப்பது டிகியூ200 என்ற 7 கியர், உலர் கிளட்ச் டிஎஸ்ஜி. 1.6 எம்பிஐ (டர்போ இல்லாத) பெட்ரோல் ஆட்டோமேட்டிக்கிலும் 2020 முதல் வந்த 1.0 டிஎஸ்ஐ ஆட்டோமேட்டிக்கிலும் இருப்பது 6 கியர் டார்க் கன்வர்ட்டர், அதாவது எண்ணெய் வழியாக விசையைக் கடத்தும் வழக்கமான வகை. முதலாவதற்குத் தனி நிபுணர் வேண்டும். இரண்டாவது வகை பயமுறுத்தாது. கியர் ஆயிலை ஒழுங்காக மாற்றத் தெரிந்தவர் போதும். ஸ்டிக்கரைக்கூடப் பார்க்காமல் "டிஎஸ்ஜி சார், செலவு வைக்கும்" என்று ஒருவர் ஆரம்பித்தால் அவரிடம் பேச்சை வளர்க்காதீர்கள்.

2. காகிதங்கள்: பட்டறைக்கு முன்பே

ஆர்சி பெயர் மாற்றம் முடியாமல் பெரிய வேலைகளில் இறங்க வேண்டாம். ஃபார்ம் 29, 30 இரண்டிலும் விற்றவர் கையெழுத்து வாங்கி, 30 நாளுக்குள் விண்ணப்பம் போட வேண்டும். இன்ஷூரன்ஸை உங்கள் பெயருக்கு மாற்ற 14 நாள்தான். அதைத் தவறவிட்டு, மெக்கானிக் டிரையல் பார்க்கும்போது வண்டி எங்காவது இடித்தால் உங்கள் வண்டிச் சேதத்துக்கான க்ளெய்ம் நிற்காது. பழையவருடைய நோ க்ளெய்ம் போனஸ் உங்களுக்கு வராது; அதற்குரிய வித்தியாசத் தொகை கட்டச் சொல்வார்கள், அதிர்ச்சி அடைய வேண்டாம்.

சாவி ஒன்றுதான் கிடைத்தது என்றால், இரண்டாவது சாவிக்குக் கம்பெனி ஷோரூமில் ஆர்சியும் அடையாள அட்டையும் கேட்பார்கள். பெயர் மாற்றம் முதலில் முடிந்திருந்தால் அந்த அலைச்சலும் மிச்சம்.

சர்வீஸ் வரலாறுதான் முக்கியம். விற்றவர் போன் எடுக்கும் காலத்திலேயே பழைய பில்களைக் கேட்டு வாங்கிவிடுங்கள். மூன்று மாதம் கழித்துக் கேட்டால் அவரும் தேடமாட்டார். பில்களில் நீங்கள் தேட வேண்டியவை: கடைசி எஞ்சின் ஆயில் எந்தக் கிலோமீட்டரில், டீசலென்றால் டைமிங் பெல்ட் (வால்வுகளைப் பிஸ்டனோடு ஒத்து இயக்கும் பெல்ட்) மாற்றினார்களா, கிளட்ச் எப்போது, டிஎஸ்ஜி என்றால் மெக்கட்ரானிக் (கியர்பாக்ஸை இயக்கும் கணினிப் பகுதி) அல்லது கிளட்ச் பேக் மாற்றிய பில் உண்டா.

டீசல்காரர்களுக்கு ஒரு கூடுதல் வேலை. மாசுச் சோதனையை ஏமாற்றும் மென்பொருள் விவகாரத்தில் 2015 டிசம்பரில் ஃபோக்ஸ்வாகன் குழுமம் இந்தியாவில் 3.23 லட்சம் டீசல் வண்டிகளைத் திரும்ப அழைத்தது. உங்கள் வண்டி அதில் வருமா, மென்பொருள் மாற்றியாயிற்றா என்று சேசிஸ் எண்ணைக் கொடுத்துக் கம்பெனி சர்வீஸில் கேளுங்கள். கேட்பதற்குக் காசில்லை.

3. ஆள் தேடும் இடங்கள்

கூகுளில் ஐந்து நட்சத்திரம் பார்த்துப் போவது கடைசி வழி. வாட்டர் வாஷ் நன்றாகச் செய்தால்கூட ஐந்து நட்சத்திரம் போடுகிறார்கள்.

ஸ்பேர் கடைக்காரர்களிடம் கேட்பது அதைவிடப் பலன் தரும். சென்னையில் ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் ஐரோப்பிய வண்டி உதிரிபாகம் விற்பவர்கள் இருக்கிறார்கள். ஒரு ஆயில் ஃபில்டரோ வைப்பர் பிளேடோ வாங்கிக்கொண்டு, "டிடிஐ டைமிங் கிட் உங்ககிட்ட அடிக்கடி வாங்குறது யாருண்ணே?" என்று கேளுங்கள். மாதம் நாலு கிட் வாங்குபவருக்கு வேலை தெரியாமல் இருக்காது. யார் சரியான பாகம் கேட்கிறார், யார் "இருக்கறதுல விலை கம்மியா குடு" என்கிறார் என்பது கடைக்காரருக்குத்தான் தெரியும். அவராகச் சொல்லமாட்டார், கேட்டால் சொல்வார்.

கம்பெனி சர்வீஸில் பத்து வருடம் டெக்னீஷியனாக இருந்துவிட்டுத் தனியாக ஷெட் போட்டவர்கள் சென்னை, கோவை, மதுரை, திருச்சி எல்லா ஊரிலும் உண்டு. நல்ல வெளி மெக்கானிக்குகளில் பலர் இந்த வகை. ஆனால் கம்பெனியில் எந்தப் பிரிவில் இருந்தார் என்று கேளுங்கள். சர்வீஸ் அட்வைசராக முன்னால் உட்கார்ந்து பில் போட்டவரும் "நான் அங்கதான் இருந்தேன்" என்றுதான் சொல்வார்.

அதே வண்டி வைத்திருப்பவர்களின் வாட்ஸாப் குழுக்களும் உதவும். அங்கே "யார் நல்ல மெக்கானிக்?" என்று பொதுவாகக் கேட்காதீர்கள், எல்லாரும் தங்கள் ஆளைச் சொல்வார்கள். "1.5 டிடிஐக்கு டைமிங் பெல்ட் யாரிடம் மாற்றினீர்கள், அதற்குப் பிறகு எத்தனை ஆயிரம் ஓடியிருக்கிறது?" என்று கேளுங்கள். வேலை முடிந்து இருபதாயிரம் கிலோமீட்டர் ஓடியவர் சொல்லும் பெயர்தான் கணக்கு.

சிறிய ஊரில் இருப்பவர்கள் உள்ளூரில் ஒருவர், பெரிய ஊரில் ஒருவர் என்று இரண்டு பேர் வைத்துக்கொள்வது நடைமுறைக்கு ஒத்துவரும். ஆயில், பிரேக், சஸ்பென்ஷனுக்கு உள்ளூர்க்காரர். டைமிங், டிஎஸ்ஜி, எலக்ட்ரானிக்ஸுக்கு வருடம் ஒரு முறை கோவையோ சென்னையோ.

4. போனிலேயே வடிகட்டுங்கள்

நேரில் போவதற்கு முன் ஐந்து நிமிடம் பேசினால் பாதிப் பேரைக் கழித்துவிடலாம். விலையைக் கேட்டு ஆரம்பிக்காதீர்கள். வேலையைக் கேளுங்கள்.

"டைமிங் பெல்ட் மாத்தினா என்னென்ன மாத்துவீங்க?" பெல்ட், டென்ஷனர், ஐட்லர் புல்லி, கூடவே வாட்டர் பம்ப் என்று பதில் வர வேண்டும். வாட்டர் பம்ப்பை ஓட்டுவதும் அதே பெல்ட்தான். பெல்ட்டை மட்டும் மாற்றிவிட்டு, பழைய பம்ப் பேரிங் ஒரு வருடத்தில் பிடித்துக்கொண்டால் புதுப் பெல்ட்டும் போகும். இந்த டீசல் எஞ்சின்களில் பெல்ட் அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும். அப்புறம் ஹெட்டைக் கழற்றாமல் தீராது. "பெல்ட் மட்டும் போதும் சார், மத்தது நல்லாத்தான் இருக்கும்" என்பவர் உங்களுக்குக் காசு மிச்சம் பிடித்துத் தரவில்லை.

"லாக்கிங் டூல் வச்சிருக்கீங்களா?" கேம்ஷாஃப்ட்டையும் கிராங்க்ஷாஃப்ட்டையும் அசையாமல் பூட்டிவிட்டுத்தான் பெல்ட் மாற்ற வேண்டும். "பெயின்ட் மார்க் வச்சுப் பண்ணிடுவோம்" என்றால் வேண்டாம்.

"ஸ்கேன் எதுல போடுவீங்க?" வண்டியின் கணினிகளில் பதிவான கோளாறுகளைப் படிப்பதுதான் ஸ்கேன். விசிடிஎஸ், ஓபிடி லெவன், கம்பெனியின் ஓடிஸ் ஆகியவற்றில் ஒன்றைச் சொன்னால் நல்லது. எல்லா பிராண்டுக்கும் ஆன நல்ல ஸ்கேனர் வைத்திருப்பவரையும் தள்ள வேண்டாம். ஆனால் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் இஎல்எம் 327 புளூடூத் டப்பா எஞ்சினின் பொதுக் கோளாறுகளை மட்டும் காட்டும். ஏபிஎஸ், ஏர்பேக், கியர்பாக்ஸ் பக்கம் அதை நம்ப முடியாது.

டிஎஸ்ஜி வைத்திருப்பவர்கள் இதையும் கேளுங்கள்: "கிளட்ச் பேக் மாத்தினப்புறம் என்ன செட்டிங் போடணும்?" டிகியூ200-இன் கிளட்ச்சைக் கழற்றவும் பொருத்தவும் தனிக் கருவி வேண்டும், இடைவெளியை அளந்து உட்கார வைத்து, பிறகு ஸ்கேனர் வழியாக பேசிக் செட்டிங் ஓட்டி, ரோட்டில் அடாப்டேஷன் டிரைவ் (புதுக் கிளட்ச்சைக் கியர்பாக்ஸ் கணினிக்குப் பழக்கும் ஓட்டம்) போக வேண்டும். இதைத் தன் வார்த்தையில் எப்படிச் சொன்னாலும் சரி, சொல்ல வேண்டும். "மாட்டினா தானா செட் ஆயிடும்" என்றால் நன்றி சொல்லி வைத்துவிடுங்கள்.

"அது எனக்குத் தெரியாது சார், அதுக்கு இன்னார்கிட்ட போங்க" என்று ஒருவர் சொன்னால் அந்த எண்ணை அழிக்காதீர்கள். மற்ற வேலைகளுக்கு அவர்தான் உங்கள் ஆள்.

5. வண்டியில்லாமல் ஒரு முறை போய்ப் பாருங்கள்

டூவீலரில் போங்கள். வார நாளில், காலை பதினோரு மணி வாக்கில், வேலை நடக்கும் நேரத்தில்.

முதலில் நிற்கும் வண்டிகளைப் பாருங்கள். எத்தனை போலோ, எத்தனை ரேபிட்? பத்து வண்டியில் ஒன்றுதான் என்றால் அவர் பொது மெக்கானிக். பாதிக்குமேல் என்றால் அவருக்கு இதுதான் சோறு. அடுத்து, தூசி படிந்து டயர் காற்றிறங்கி நிற்கும் வண்டிகளை எண்ணுங்கள். ஒன்றிரண்டு எல்லாப் பட்டறையிலும் இருக்கும். உரிமையாளர் பணம் கட்டாமல் விட்டதாகவும் இருக்கலாம். ஐந்தாறு இருந்தால், கழற்றத் தெரிந்து மாட்டத் தெரியாத இடம் அது.

கருவிப் பெட்டியில் டார்க் ரெஞ்ச் இருக்கிறதா? இருந்தால் மட்டும் போதாது. கைப்பிடியில் கிரீஸ் கறை இருக்கிறதா என்றும் பாருங்கள். பளபளவென்று இருந்தால் அது கொலுப் பொம்மை. ஃபோக்ஸ்வாகனில் டிரைவ் ஷாஃப்ட் போல்ட் போன்ற இடங்களில் 12 முனை ஸ்ப்லைன் தலை வரும். அதற்கான பிட் செட் இல்லாதவர் ஆலன் கீயை வைத்துத் திருகித் தலையை மழுக்கிவிடுவார். பிறகு வெல்டிங் வைத்துத்தான் எடுக்க வேண்டியிருக்கும்.

அலமாரியில் எந்த கூலன்ட் இருக்கிறது என்பதையும் கவனியுங்கள். இந்த வண்டிகளுக்கு ஜி12 வகை, இளஞ்சிவப்பு அல்லது ஊதா நிறத்தில் வரும். பச்சை கூலன்ட்டை அதனோடு கலந்தால் சேறுபோலத் திரளும். ஹீட்டர் குழாய், ரேடியேட்டர் எல்லாம் அடைக்கும். போர் தண்ணீர் ஊற்றுவது இன்னும் மோசம். சென்னைப் போர்த் தண்ணீரில் வீட்டு ஹீட்டர் காயிலே உப்புப் பூத்து நிற்கிறது, எஞ்சினுக்குள் பூக்காதா?

கார் லிஃப்ட் இல்லாததைப் பெரிய குறையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பள்ளம் வெட்டி நேர்த்தியாக வேலை செய்பவர்கள் இருக்கிறார்கள். ஆனால் ஜாக்கியை மட்டும் நம்பி, ஸ்டாண்ட் வைக்காமல் வண்டிக்கு அடியில் பையன்களைப் படுக்கவிடும் இடத்துக்கு வண்டியைக் கொடுக்காதீர்கள். தன் ஆளின் உயிரைப் பற்றிக் கவலைப்படாதவர் உங்கள் பிரேக்கைப் பற்றியா கவலைப்படப் போகிறார்?

6. முதல் வேலை சின்னதாக இருக்கட்டும்

புதியவர்கள் சறுக்கும் இடம் இதுதான். வண்டி வாங்கிய உற்சாகத்தில் டைமிங், கிளட்ச், சஸ்பென்ஷன் எல்லாவற்றையும் ஒரே நாளில், முகம் தெரியாதவரிடம் கொடுத்துவிடுவார்கள். பெண் பார்த்த அன்றே தாலி கட்டுவது மாதிரி. முதல் தடவை இரண்டே வேலை கொடுங்கள்: முழு ஸ்கேன், ஆயில் சர்வீஸ். அரை நாள் போதும். கூடவே நில்லுங்கள்.

ஸ்கேன் போட்டதும் எல்லா மாட்யூலுக்குமான (எஞ்சின், ஏபிஎஸ், ஏர்பேக் என்று ஒவ்வொன்றின் கணினிக்குமான) அறிக்கையை வாட்ஸாப்பில் அனுப்பச் சொல்லுங்கள். கோளாறு பதிவானபோது வண்டி எத்தனை கிலோமீட்டரில் இருந்தது என்பதும் பல பதிவுகளில் சேர்ந்திருக்கும். மீட்டர் 72,000 காட்டுகிறது, பழைய கோளாறு ஒன்று 1,10,000-இல் பதிவாகியிருக்கிறது என்றால், மீட்டரைத் திருப்பியிருக்கிறார்கள். அப்படியானால் அடுத்த சர்வீஸ் கணக்கு எல்லாமே மாறும். டைமிங் பெல்ட் அவசர வேலையாகிவிடும். இதைத் தானாகவே கவனித்துச் சொல்லும் மெக்கானிக் கிடைத்தால் விடாதீர்கள். படிக்காமலே எல்லாக் கோளாறையும் அழித்துவிட்டு "க்ளியர் பண்ணிட்டேன் சார்" என்பவர் நோய்க்குறிப்பைக் கிழித்துப்போட்ட வைத்தியர்.

ஆயில் சர்வீஸில் பார்க்க வேண்டியவை:

- 1.5, 1.6 டிடிஐக்கு ஃபில்டரோடு சேர்த்து சுமார் 4.3 லிட்டர் பிடிக்கும். ஐந்து லிட்டர் கேனை அப்படியே கவிழ்த்தால் அதிகம். மீதியை உங்களிடம் தர வேண்டும்.
- கேனில் 5டபிள்யூ-30, 5டபிள்யூ-40 என்ற தடிமன் மட்டும் போதாது. உங்கள் கையேட்டில் போட்டிருக்கும் 502 00, 507 00 போன்ற ஃபோக்ஸ்வாகன் அங்கீகார எண் கேனின் பின்பக்கம் அச்சாகியிருக்க வேண்டும். சீல் உங்கள் கண்முன் உடையட்டும்.
- கீழே ஆயில் வடிக்கும் போல்ட்டை ஒவ்வொரு முறையும் புதிதாகப் போடுவது முறை. விலை அற்பம். முறுக்கு 30 நியூட்டன் மீட்டர்தான். நீளக் கம்பியை வைத்து இறுக்கினால் அலுமினிய சம்ப்பின் (ஆயில் தேங்கும் தொட்டி) மரை போகும், அடுத்து சம்ப்பையே மாற்ற வேண்டிவரும்.
- ஃபில்டர் காகிதக் கார்ட்ரிட்ஜ் என்றால் மூடியின் ஓ-ரிங்கையும் மாற்ற வேண்டும். பெட்டிக்குள்ளேயே வரும். பழைய ரிங் கழிவு ட்ரேயில் கிடக்கிறதா பாருங்கள்.

கழற்றிய ஃபில்டர்களைக் கேட்டு வாங்குங்கள். இதற்கு முகம் சுளிப்பவரிடம் பெரிய வேலைக்குப் போக வேண்டாம்.

பிறகு வண்டியைத் தூக்கி, அடியில் ஒரு சுற்றுப் பார்க்கச் சொல்லுங்கள். நம் சாலைகளில் இந்த வண்டிகளுக்கு லிங்க் ராட், லோயர் ஆர்ம் புஷ், ஸ்ட்ரட் மவுன்ட் மூன்றும் சீக்கிரம் தேயும். "எல்லாத்தையும் மாத்திடலாம்" என்பது பதிலல்ல. எது ஆடுகிறது என்று கையால் ஆட்டிக் காட்ட வேண்டும். இதே நேரத்தில் ஏசி காற்று எவ்வளவு குளிர்கிறது, நான்கு கதவின் பூட்டும் ரிமோட்டுக்கு வேலை செய்கிறதா என்றும் சோதியுங்கள். கதவுப் பூட்டுக்குள் இருக்கும் மைக்ரோ சுவிட்ச் போவதும், ஏசி கூலிங் காயில் ஒழுகுவதும் இந்தக் குடும்ப வண்டிகளின் தெரிந்த வியாதிகள். கூலிங் காயில் மாற்ற டேஷ்போர்டையே இறக்க வேண்டும். இரண்டு நாள் வேலை. "கேஸ் மட்டும் போட்டுடலாம்" என்று ஒவ்வொரு கோடையிலும் போட்டுக்கொண்டிருப்பவர்கள் அந்தக் காசுக்கு ஒரு காயிலே வாங்கியிருக்கலாம்.

7. உதிரிபாகம்: எண்ணைப் பேசுங்கள்

"ஒரிஜினல்" என்ற சொல்லுக்குப் பட்டறையில் மூன்று அர்த்தம் உண்டு. ஃபோக்ஸ்வாகன் பெட்டியில் வருவது ஒன்று. ஃபோக்ஸ்வாகனுக்குச் செய்து கொடுக்கும் நிறுவனங்கள் தங்கள் பெயரிலேயே விற்பது இன்னொன்று: ஃபில்டருக்கு மான், மாலே, கிளட்ச்சுக்கு லூக், சாக்ஸ், டைமிங் கிட்டுக்கு ஐஎன்ஏ, கான்டிடெக் போல. மூன்றாவது, பெட்டி மட்டும் ஒரிஜினல். இரண்டாவது வகைக்குப் பழகிக்கொண்டால் கம்பெனிப் பெட்டிக்கான கூடுதல் விலை மிச்சமாகும்.

ஃபோக்ஸ்வாகன் பாக எண்ணைப் படிக்கத் தெரிந்துகொள்வது எளிது. உதாரணமாக 1.6 டிடிஐ ஆயில் ஃபில்டர் 03எல் 115 562. முதல் மூன்று எழுத்து எஞ்சின் குடும்பம். நடு மூன்று பாகத்தின் வகை. 115 ஆயில் ஃபில்டர் பக்கம், 109 டைமிங் பக்கம், 121 வாட்டர் பம்ப் பக்கம். எஸ்டிமேட்டில் இந்த எண்ணைப் போடச் சொல்லுங்கள். எண் இருந்தால் நான்கு கடையில் விலை கேட்கலாம், மெக்கானிக்குக்கும் அது தெரியும்.

கதவுப் பூட்டு, கண்ணாடி, விளக்கு, பம்பர் இவற்றைச் சென்னையின் பழைய உதிரிபாகச் சந்தையான புதுப்பேட்டையில் தேடுவதில் தப்பில்லை. டைமிங், பிரேக், கிளட்ச் பாகங்களைப் பழையதாக வாங்கவே கூடாது. பழைய மெக்கட்ரானிக் வாங்கிப் போடலாம் என்பவரிடம், உங்கள் வண்டிக்கேற்ற கோடிங்கும் அடாப்டேஷனும் யார் செய்வது, ஓடாவிட்டால் பணம் திரும்புமா என்று எழுத்தில் கேளுங்கள். பேச்சு அத்தோடு நிற்கும்.

8. எஸ்டிமேட், பில், பணம்

வெளிப் பட்டறைகளில் தோராயமாக எதிர்பார்க்க வேண்டியது: முழு ஸ்கேன் 500 முதல் 1,500 ரூபாய், டீசல் ஆயில் சர்வீஸ் எல்லா ஃபில்டரோடும் 7,000 முதல் 10,000, டைமிங் கிட்டும் வாட்டர் பம்ப்பும் லேபரோடு 20,000-க்கு மேல், டிஎஸ்ஜி கிளட்ச் பேக்கோ புது மெக்கட்ரானிக்கோ லட்சத்தை ஒட்டியோ தாண்டியோ. ஊருக்கும் பாகத்துக்கும் ஏற்ப மாறும். இதில் பாதி விலைக்கு ஒருவர் செய்கிறேன் என்றால் சந்தோஷப்படாமல், எந்தப் பாகத்தை விட்டுவிடுகிறார் என்று பாருங்கள்.

எஸ்டிமேட் வாட்ஸாப்பில் வந்தால் போதும், ஆனால் பாகம் தனி, லேபர் தனியாக இருக்க வேண்டும். "டோட்டலா ஒரு இருபத்தஞ்சு ஆகும் சார்" என்பது எஸ்டிமேட் அல்ல. கூடுதலாக எது செய்தாலும் முன்பே படம் அனுப்பி, உங்கள் சம்மதம் வாங்கிய பிறகே செய்ய வேண்டும் என்று ஒரு வரி தட்டி அனுப்பிவிடுங்கள். அட்வான்ஸ் கேட்பது நியாயம்தான். பாகத்தின் விலை அளவுக்குக் கொடுங்கள், லேபருக்கு வேண்டாம்.

ஜிஎஸ்டி பில் கேட்டால் 18 சதவீதம் கூடும். 2025 செப்டம்பர் 22 முதல் உதிரிபாகத்துக்கும் 18 சதவீதம்தான். பழைய 28-ஐப் போட்டிருந்தால் திருத்தச் சொல்லுங்கள். தமிழ்நாட்டுப் பதிவு எண் 33 என்று தொடங்கும், மொத்தம் 15 எழுத்து. சின்ன வேலைக்கு வெள்ளைத்தாள் பில் போதும் என்பது என் கருத்து. ஆனால் டைமிங், கிளட்ச், கியர்பாக்ஸ் மூன்றுக்கும் வரியோடு சரியான பில்லை வாங்குங்கள். கிலோமீட்டரும் பாக எண்ணும் "இத்தனை மாதம் அல்லது இத்தனை கிலோமீட்டர் உத்தரவாதம்" என்ற வரியும் அதில் இருக்கட்டும். பணத்தை யுபிஐயில் கொடுங்கள். தகராறு வந்தால் உங்கள் கையில் இருக்கப் போவது இந்த இரண்டும்தான்.

9. வண்டியை விட்டுவிட்டு வரும்போது

மீட்டர், பெட்ரோல் முள், நான்கு பக்கமும், டேஷ்போர்டு, டிக்கியில் ஸ்டெப்னி, ஜாக்கி ஆகியவற்றை ஒரு நிமிட வீடியோவாக எடுங்கள். மெக்கானிக் முன்னாலேயே எடுங்கள், அவர் தப்பாக நினைக்கமாட்டார். அசல் ஆர்சியை வண்டியில் வைக்காதீர்கள். டிரையலுக்கு எம்பரிவாகன் அல்லது டிஜிலாக்கரில் இருப்பதன் நகல் போதும். புகைச் சான்று காலாவதி ஆகாமல் இருக்கிறதா பாருங்கள்.

நாள் கணக்கு: டைமிங் பெல்ட் ஒரு நாள். கிளட்ச் ஒன்றிலிருந்து இரண்டு நாள். டிஎஸ்ஜி என்றால் பாகம் கையில் இருந்தாலும் மூன்று நாள் வைத்துக்கொள்ளுங்கள். பாகம் வந்து சேரும்வரை வண்டியைக் கழற்ற வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லுங்கள். கழற்றிப் போட்ட வண்டியை வேறெங்கும் கொண்டுபோக முடியாது என்பது எல்லாப் பட்டறைக்கும் தெரியும்.

10. எந்தப் பேச்சைக் கேட்டால் கிளம்பிவிட வேண்டும்

பானெட்டைத் திறந்து ஐந்து நிமிடத்தில் "எஞ்சின் திறக்கணும்". கம்ப்ரஷன் பார்க்காமல், ஸ்கேன் போடாமல் இதை யாராலும் சொல்ல முடியாது.

"டிஎஸ்ஜி எல்லாம் தொல்லை, மேனுவலா மாத்திடலாம்." கியர்பாக்ஸ் மட்டுமல்ல; பெடல், வயரிங், எஞ்சின் கணினியின் கோடிங் எல்லாம் மாற வேண்டும். ஆர்சியிலும் இன்ஷூரன்ஸிலும் வேறு சிக்கல் வரும்.

"ஈஜிஆரை அடைச்சுட்டு ரீமேப் போட்டா பறக்கும்." ஈஜிஆர் மாசைக் குறைக்கும் வால்வு; ரீமேப் என்பது எஞ்சின் கணினியின் மென்பொருளை மாற்றுவது. புகைச் சோதனையிலும் இன்ஷூரன்ஸ் க்ளெய்மிலும் மாட்டுவது நீங்கள், ரீமேப் போட்டவர் அல்ல.

"கம்பெனி சர்வீஸ்காரன் எல்லாம் திருடன்." இப்படிப் பொத்தாம்பொதுவாகத் திட்டுபவரிடம் ஜாக்கிரதை. சாவி, ஏர்பேக், திரும்ப அழைத்த வண்டிகளின் வேலை, கேஷ்லெஸ் விபத்து வேலை இவற்றுக்குக் கம்பெனி ஷோரூம்தான் சரியான இடம். நல்ல வெளி மெக்கானிக்கே அங்கே அனுப்பிவைப்பார்.

11. எடுத்த பிறகு

சாவியை வாங்கியதும் கிளம்பிவிடாதீர்கள். மறுபடி ஒரு ஸ்கேன் போட்டு அறிக்கை வாங்குங்கள். புதுக் கோளாறு ஏதும் இருக்கக் கூடாது. மெக்கானிக்கைப் பக்கத்தில் உட்காரவைத்து நீங்கள் ஓட்டுங்கள். எஞ்சின் முழுச் சூடு ஏறும்வரை, குறைந்தது இருபது நிமிடம். டிஎஸ்ஜி என்றால் நெரிசலில் ஊர்ந்து பாருங்கள். ஒன்றிலிருந்து இரண்டுக்குப் போகும்போது உதறுகிறதா, ரிவர்ஸ் உடனே பிடிக்கிறதா என்று கவனியுங்கள். இந்த வியாதி காலி ஹைவேயில் தெரியாது.

சக்கரம் கழற்றிய வேலை என்றால் போல்ட்டின் முறுக்கு 120 நியூட்டன் மீட்டர். நூறு கிலோமீட்டர் ஓட்டியதும் ஒரு முறை இறுக்கம் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு வாரம் கழித்து, குளிர்ந்த எஞ்சினில் ஆயில் மட்டமும் கூலன்ட் மட்டமும் பாருங்கள். வண்டி நிற்கும் இடத்தில் இரவு ஒரு அட்டைப்பெட்டியைப் பிரித்துப் போட்டு வைத்தால் ஒழுகல் இருக்கிறதா என்று காலையில் தெரிந்துவிடும்.

வேலை சரியில்லையா? முதலில் நேரில் போய், வீடியோவோடு காட்டுங்கள். பெரும்பாலும் அங்கேயே தீரும். தீரவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் புகார்க் கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். பில், யுபிஐ ரசீது, முதலும் கடைசியுமான ஸ்கேன் அறிக்கைகள், பட்டறையில் விட்ட அன்று எடுத்த வீடியோ எல்லாவற்றையும் ஒரே ஃபோல்டரில் போட்டு வையுங்கள். வண்டியை விற்கும் நாளில் அடுத்தவர் கேட்பதும் அந்த ஃபோல்டரைத்தான்.